குழந்தையின் இதயம் கடைசியாகத்தான் நிற்கிறது: பால்ஸ் வகுப்புக்குத் தயாராகிறவர்களுக்கு

குழந்தைகளுக்கான உயிர்காப்புப் பயிற்சியான பால்ஸ் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு, எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று கேட்கும் இளம் செவிலியர்களுக்காகவும், ஹவுஸ் சர்ஜன் முடித்த கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்காகவும், 108 வண்டியில் ஓடும் தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். குழந்தைகள் வார்டில் செவிலியராக இருப்பவள் நான். வகுப்புக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மருந்து அளவுப் பட்டியலைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். அட்ரினலின் எவ்வளவு, அமியோடரோன் எவ்வளவு என்று உருப்போடுகிறார்கள். அந்தப் பட்டியல் தேவைதான், ஆனால் அது கடைசிப் பாடம். அங்கே தொடங்கினால் இந்த வகுப்பு எதற்காக உண்டானது என்பதே பிடிபடாமல் போய்விடும்.

பால்ஸ் என்பது பீடியாட்ரிக் அட்வான்ஸ்டு லைஃப் சப்போர்ட். உயிருக்குப் போராடும் குழந்தையை அடையாளம் கண்டு, மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் மீட்டெடுக்கும் முறையைச் சொல்லித் தரும் பயிற்சி. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் வகுத்த பாடத்திட்டம் இது. சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமான ஐ.ஏ.பி.யும் இதே நோக்கத்தில் தனிப் பயிற்சி நடத்துகிறது. எதில் சேர்ந்தாலும் அடிப்படைக் கருத்து ஒன்றுதான்.

அந்தக் கருத்து இது. பெரியவர்களுக்கு இதயம் திடீரென நின்றால், பெரும்பாலும் கோளாறு இதயத்திலேயே இருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள்; அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. முதலில் மூச்சு கெடும், அல்லது ரத்த ஓட்டம் கெடும். உடம்பு சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்கக்கூட ஈடுகொடுக்கும். ஈடுகொடுக்க முடியாத கட்டத்தில் ஆக்சிஜன் குறைந்து, நாடித்துடிப்பு மெல்ல மெல்ல இறங்கி, கடைசியாகத்தான் இதயம் நிற்கும். அப்படி நின்ற பிறகு நாம் என்ன பாடுபட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. ஏனென்றால் அதற்குள் மூளையும் மற்ற உறுப்புகளும் நெடுநேரம் ஆக்சிஜன் இல்லாமல் தவித்திருக்கும். அதனால்தான் பால்ஸ் புத்தகத்தின் பெரும்பகுதி இதயம் நிற்பதற்கு முந்திய நேரத்தைப் பற்றியது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுவது புயல் கரையைத் தொட்ட பிறகு இல்லையே.

நம் கடற்கரைக்கு இது இன்னும் பொருந்தும். தனுஷ்கோடிப் பக்கம் ஒரு பிள்ளைக்கு முடியவில்லை என்றால் முதலில் ராமேசுவரம் வர வேண்டும். அங்கிருந்து பாலம் தாண்டி ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல். அதற்கும் மேலான சிகிச்சை வேண்டுமென்றால் மதுரை இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல். சாயல்குடி, ஏர்வாடி, தொண்டி என்று எங்கிருந்து எடுத்தாலும் கணக்கு இப்படித்தான். முதலில் பார்க்கும் நாம் அறிகுறியை ஒரு மணி நேரம் முன்னதாகப் பிடித்துவிட்டால், அந்தத் தூரத்தைக் குழந்தை உயிரோடு கடக்கும்.

தொடும் முன்பே பார்ப்பது

வகுப்பில் முதலில் பழக்குவது, குழந்தையைத் தொடாமல் சில நொடிகளில் எடைபோடுவது. பார்க்க வேண்டியவை மூன்று: குழந்தையின் தோற்றம், மூச்சுக்காகப் படும் பாடு, தோலின் நிறம்.

தோற்றம் என்றால் அம்மா மடியில் பிள்ளை எப்படி இருக்கிறது என்பது. கை கால் முறுக்காக இருக்கிறதா, துவண்டு தொங்குகிறதா? நம்மைக் கண்டதும் அம்மாவைக் கட்டிக்கொள்கிறதா, யார் வந்தாலும் கூரையை வெறித்துக்கொண்டிருக்கிறதா? அழுகை ஓங்கி வருகிறதா, முனகலாகத் தேய்கிறதா? மூச்சில் பார்ப்பது: மூக்குத் துவாரம் விரிகிறதா, விலாவுக்கு இடையிலும் நெஞ்சுக்குழியிலும் தோல் உள்ளே இழுக்கிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறதா. காதாலும் கவனிக்க வேண்டும். உள்ளிழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அடைப்பு மேலே, தொண்டைப் பக்கம். வெளிவிடும்போது விசில் மாதிரி வந்தால் கீழே, நுரையீரலின் சிறு குழாய்களில். வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் ‘ம்ம், ம்ம்’ என்று முக்கினால் நுரையீரலே கெட்டிருக்கிறது என்று சந்தேகியுங்கள். தோலில் வெளிறல், நீலம், வலை வலையாகத் திட்டு.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆகவே வகுப்புக்கு முந்திய வாரங்களில் நீங்கள் செய்யக்கூடிய சிறந்த பயிற்சி, உங்கள் ஓ.பி. வரிசையிலேயே இருக்கிறது. வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் வாசலில் வைத்தே இந்த மூன்றையும் பார்த்து, ‘இது அவசரம், இது இல்லை’ என்று மனதுக்குள் தீர்மானியுங்கள். பிறகு பரிசோதித்து, சரியா என்று பாருங்கள். நலமான குழந்தைகளை நூற்றுக்கணக்கில் உற்றுப் பார்த்த கண்ணுக்குத்தான் நலமில்லாத குழந்தை சட்டென்று தெரியும்.

அடுத்து வருவது ஏ, பி, சி, டி, இ என்ற வரிசை: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, உடலைத் திறந்து பார்ப்பது. எங்கே கோளாறு கண்டாலும் அங்கேயே சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்கு நகர வேண்டும். பார், என்னவென்று பெயர் வை, செயல்படு, மறுபடி பார். வகுப்பு முழுக்க இந்தச் சுற்றுதான் ஓடும். பெயர் வைப்பதற்கான பெட்டிகளும் அதிகமில்லை. மூச்சுக் கோளாறு நான்கு வகை: மேல் பாதை அடைப்பு, கீழ்ப் பாதை அடைப்பு, நுரையீரல் திசு நோய், மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளையின் கோளாறு. ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலை, அதுவும் நான்கு வகை: நீர் அல்லது ரத்தம் இழந்தது, ரத்தக்குழாய்கள் தளர்ந்தது, இதயம் சோர்ந்தது, ஓட்டத்தை ஏதோ தடுப்பது.

ஒரு குழந்தையை வைத்துப் பார்ப்போம்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு 1 வயது, 10 கிலோ. இரண்டு நாளாக வயிற்றால் போகிறது. “நேத்து வரைக்கும் அழுதுக்கிட்டே இருந்துச்சு சிஸ்டர், இன்னைக்கு அழக்கூட மாட்டேங்குது” என்கிறார். அவர் ஆறுதலாகச் சொல்லலாம். நாம் அதை எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண் குழி விழுந்திருக்கிறது. மூச்சு நிமிடத்துக்கு 48. அந்த வயதுக்கு 22 முதல் 37 வரைதான் இருக்க வேண்டும். ஆனால் நெஞ்சு இழுக்கவில்லை, நுரையீரலில் சத்தமும் இல்லை. மூச்சு சிரமமில்லாமல், வேகமாக மட்டும் போகிறது. நாடி 180. கை கால் சில்லென்று இருக்கிறது. விரல் நுனியை அழுத்திவிட்டால் 2 நொடிக்குள் திரும்ப வேண்டிய சிவப்பு 5 நொடி கழித்துத்தான் வருகிறது. மேல் ரத்த அழுத்தம் 84.

இந்த 84-ல்தான் பலர் வழுக்குகிறார்கள். 1 முதல் 10 வயது வரை மேல் ரத்த அழுத்தத்தின் குறைந்தபட்ச எல்லை, வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்டினால் வரும் எண். இந்தப் பிள்ளைக்கு 72. அப்படியானால் பிபி நன்றாகத்தானே இருக்கிறது? ஆம், ஆனாலும் இது ஷாக்தான். குழந்தையின் ரத்தக்குழாய்கள் இறுகி, இதயம் இரட்டை வேலை பார்த்து அந்த 84-ஐத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஈடுகொடுக்கும் ஷாக் என்று இதற்குப் பெயர். பிபி விழும் வரை காத்திருந்தால், நிலைமை இதயம் நிற்பதற்கு ஒரு படி முன்னே வந்திருக்கும். சில்லிட்ட கையும் 5 நொடியும் பிபியைவிட நேரத்தோடு உண்மையைச் சொல்லிவிடும்.

இனி செயல். ஆக்சிஜன் கொடுங்கள், திரவம் ஏற்ற நரம்பு தேடுங்கள். ஷாக்கில் நரம்பு சுருங்கிக் கிடக்கும். சில முயற்சியிலேயே கிடைக்காது என்று தெரிந்தால், முழங்காலுக்குக் கீழே கால் எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை வழியாகத் திரவம் ஏற்றலாம். வகுப்பில் இதைக் கையால் செய்து பார்ப்பீர்கள். கிலோவுக்கு 20 மில்லி நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட், அதாவது 200 மில்லி. பாட்டிலைத் தொங்கவிட்டுச் சொட்டு எண்ணினால் இது வேகத்துக்கு இறங்காது. த்ரீ-வே என்ற மூவழி இணைப்பை மாட்டி, 50 மில்லி சிரிஞ்சில் இழுத்து, கையால் தள்ள வேண்டும், நான்கு முறை. முடிந்ததும் மறுபடி பாருங்கள்: நாடி இறங்குகிறதா, விரல் சிவக்கிறதா, இல்லை திரவம் மிஞ்சிப்போய் கல்லீரல் கீழே இறங்கிவிட்டதா, நுரையீரலில் நெரநெரப்பு வந்துவிட்டதா? இதற்கிடையில் சர்க்கரை பார்க்க மறக்கவே கூடாது. இரண்டு நாள் சாப்பிடாத பிள்ளை. 60-க்குக் கீழே இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 5 மில்லி.

இதே 200 மில்லியை எல்லா ஷாக்குக்கும் தள்ளிவிடக் கூடாது. இதற்கு நம் மண்ணிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பனங்காட்டிலோ விறகு அடுக்கிலோ செந்தேள் கொட்டிய பிள்ளை வேர்த்துக் கொட்டி, கை கால் சில்லிட்டு, நாடி எகிறி வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் வயிற்றுப்போக்குப் பிள்ளை மாதிரியே இருக்கும். ஆனால் இங்கே விஷம் நரம்பு மண்டலத்தைத் தூண்டிவிட்டு, இதயம் சோர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கலாம். இதில் திரவத்தை வேகமாக ஏற்றினால் பிள்ளை மூழ்கிவிடும். இதயம் சோர்ந்த ஷாக்கில் பால்ஸ் சொல்லும் அளவு கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி, அதுவும் மெதுவாக, ஒவ்வொரு கட்டத்திலும் நெஞ்சைக் கேட்டபடி. தேள்கடிக்கான பிரசோசின் மருந்து இந்த வகுப்பின் பாடத்தில் வராது. என்றாலும் எந்தப் பெட்டி என்று பெயர் வைக்காமல் கையை நீட்டாதே என்று வகுப்பு சொல்வதன் அருமை இங்கே புரியும். டெங்கு ஷாக்குக்கும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுள்ள பிள்ளைக்கும்கூட திரவக் கணக்கு வேறு. அவற்றுக்கு உள்ள வழிகாட்டியைத்தான் பின்பற்ற வேண்டும்.

கை பழக வேண்டியவை

வகுப்பில் கற்கும் கைவேலைகளில் எது மிக முக்கியம் என்று என்னைக் கேட்டால், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பையான ஆம்பு பேக் என்பேன். மூச்சுக்குழாயில் ட்யூப் போடத் தெரியாவிட்டாலும், பேக்கும் மாஸ்க்கும் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவரால் ஒரு குழந்தையை ராமநாதபுரம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். மாஸ்க் மூக்கின் பாலத்திலிருந்து தாடைக் குழி வரை மூட வேண்டும். கண்ணை அழுத்தக் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க் மேலே வளைந்து அழுத்த, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பை மேலே தூக்க வேண்டும். விரல்கள் எலும்பில் இருக்கட்டும். கழுத்துச் சதையில் பதிந்தால் நாமே மூச்சுப்பாதையை அடைத்துவிடுவோம். கைக்குழந்தைக்குத் தோள்களுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று வைத்தால் கழுத்து நேராகும். நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு மட்டும் அமுக்குங்கள், 2 முதல் 3 நொடிக்கு ஒரு முறை. பயத்தில் எல்லாரும் வேகமாகவும் அழுத்தமாகவும்தான் அமுக்குகிறார்கள். அப்போது காற்று வயிற்றுக்குள் போய், வயிறு உப்பி, நுரையீரலுக்கு இடமில்லாமல் போகும். “அமுக்கு, விடு, விடு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பழகுங்கள்.

நெஞ்சு அமுக்கல் உங்களுக்குத் தெரிந்ததாகவே வகுப்பு எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு, கைக்குழந்தைக்குச் சுமார் 4 சென்டிமீட்டர், பெரிய பிள்ளைக்குச் சுமார் 5. தனியாக இருந்தால் 30-க்கு 2 மூச்சு, இருவர் இருந்தால் 15-க்கு 2. பழைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படிக்கிறவர்கள் கவனியுங்கள்: 2025-ல் வந்த புதிய வழிகாட்டியில், கைக்குழந்தைக்கு இரண்டு விரலால் அமுக்கும் முறையைக் கைவிட்டுவிட்டார்கள். இரு கைகளாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரு கட்டைவிரல்களால் அமுக்க வேண்டும், அல்லது ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால்.

நாடி இருக்கிறது, ஆனால் 60-க்குக் கீழே. ஆக்சிஜன் கொடுத்து, பேக்கால் மூச்சுக் கொடுத்த பிறகும் ஏறவில்லை. பிள்ளை வெளிறிக் கிடக்கிறது. அப்போது நாடி இருந்தாலும் நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். பெரியவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் தயக்கம் வரும். தயங்க வேண்டாம்.

ஊருணியிலோ கடலிலோ மூழ்கியெடுத்த பிள்ளைக்கு முதல் தேவை மூச்சு. எனவே மூச்சுக் கொடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். நம் ஊர்களில் இன்னமும் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்க்கிறார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு மூச்சுகூட உள்ளே போவதில்லை. நீங்கள் வகுப்பு முடித்து வந்ததும் இதை உங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொன்னாலே பெரிய காரியம்.

மருந்துக் கணக்கு

இதயம் நின்ற பிறகான பாதை இரண்டாகப் பிரிகிறது. மானிட்டரில் கோடு நேராக இருந்தாலோ, ஒழுங்கான அலை இருந்தும் நாடி இல்லாவிட்டாலோ மின் அதிர்ச்சி கிடையாது. அமுக்கலும் மூச்சும் ஓட, அட்ரினலினை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொடுக்க வேண்டும். பிறகு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. கோடு தாறுமாறாகத் துடித்தாலோ, நாடியில்லாமல் அகலமான அலைகள் வேகமாக ஓடினாலோ முதல் வேலை மின் அதிர்ச்சி கொடுப்பது: கிலோவுக்கு 2 ஜூல், அடுத்தது 4. ஒவ்வொரு மின் அதிர்ச்சிக்குப் பிறகும் நாடி தேடி நிற்காமல் உடனே 2 நிமிடம் அமுக்கல்.

அட்ரினலின் அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். புத்தகத்தில் இதை ‘கிலோவுக்கு 0.1 மில்லி’ என்று படிப்பீர்கள். அது நீர்த்த மருந்துக்கான கணக்கு. நம் டிரேயில் இருக்கும் ஆம்பியூல் 1 மில்லியில் 1 மில்லிகிராம்; அதை அப்படியே கொடுத்தால் பத்து மடங்காகிவிடும். 10 மில்லி சிரிஞ்சில் ஆம்பியூல் முழுவதையும் இழுத்து, மேலே 9 மில்லி சலைன் இழுங்கள். இப்போது ஒரு மில்லியில் 0.1 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 1 மில்லி, 16 கிலோவுக்கு 1.6 மில்லி. சிரிஞ்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டி மருந்தின் பெயரையும் செறிவையும் எழுதுங்கள். எடை தெரியாத பிள்ளைக்கு, வயதை இரண்டால் பெருக்கி 8 கூட்டினால் ஏறத்தாழ வரும். நான்கு வயதுக்கு 16. வகுப்புக்கு முன் வேறெந்த மருந்தையும் படிக்க நேரமில்லாவிட்டாலும், இந்த ஒரு கலவையைச் சலைனை வைத்துக் கையால் செய்து பாருங்கள்.

ஈ.சி.ஜி.யில் பயப்பட ஒன்றுமில்லை, ஏழெட்டு வகைதான். குழப்புவது, காய்ச்சலாலோ நீரிழப்பாலோ வரும் வேகத் துடிப்பையும், இதயத்தின் மின்கோளாறால் வரும் வேகத் துடிப்பான எஸ்.வி.டி.யையும் பிரிப்பது. எஸ்.வி.டி. திடீரென வரும், கைக்குழந்தையில் 220-க்கு மேல், பெரிய பிள்ளையில் 180-க்கு மேல் ஓடும், அழுதாலும் தூங்கினாலும் எண் அசையாது. மற்றது பிள்ளையின் நிலைக்கேற்ப ஏறி இறங்கும், காரணமும் கதையிலேயே இருக்கும்.

சொல்லத் தயங்கக் கூடாத இடம்

வகுப்பில் ஆறு பேர் சேர்ந்து ஒரு பொம்மைக் குழந்தையைக் காப்பாற்றுவீர்கள். ஒருவர் தலைவர், மற்றவர்கள் அமுக்கல், மூச்சு, மானிட்டர், மருந்து, குறிப்பெடுத்தல். தலைவர் “அட்ரினலின் ஒரு மில்லி கொடுங்க” என்றால், மருந்து பார்ப்பவர் அதைத் திருப்பிச் சொல்லி, கொடுத்த பிறகு “கொடுத்தாச்சு” என்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் செவிலியர்களுக்கு இதைவிடக் கடினமான ஒன்றும் அதே வகுப்பில் உண்டு: தலைவர் தவறாகச் சொன்னால் அங்கேயே சொல்வது. “சார், பத்து கிலோவுக்கு ஒரு மில்லி. பத்து மில்லி இல்ல சார்.” மரியாதை குறையாமல், குரல் தாழாமல், இவ்வளவுதான். வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தலைவராகப் போகும் டாக்டர்கள் அதைக் கேட்டதும் “நன்றி சிஸ்டர்” என்று சொல்லிப் பழகட்டும்.

நடைமுறை விஷயங்கள் சில. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் வகுப்பு என்றால், முன்கூட்டியே இணையத்தில் சுயமதிப்பீட்டுத் தேர்வு எழுத வேண்டும். 70 சதவீதம் எடுக்கும் வரை திரும்பத் திரும்ப எழுதலாம். கடைசி எழுத்துத் தேர்வில் 84 சதவீதம் வேண்டும். எழுத்துத் தேர்வில் தடுமாறுகிறவர்கள் குறைவு. அமுக்கல் ஆழமும், கேஸ் நடத்தும்போது வரிசை குலைவதும்தான் பலரைத் திரும்பச் செய்ய வைக்கின்றன. கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும் என்று கலங்க வேண்டாம். நீங்கள் தினமும் கேஸ் ஷீட்டில் எழுதும் சொற்கள்தான். மதுரைக்குப் போகிறவர்கள் முதல் நாள் இரவே போய்த் தங்கிவிடுவது நல்லது. இரவு டூட்டி முடித்துவிட்டு விடியற்காலை பஸ் ஏறிப் போய் உட்கார்ந்தால், மண்டையில் எதுவும் ஏறாது.

திரும்பி வந்த வாரத்திலேயே உங்கள் இடத்து எமர்ஜென்சி டிரேயைத் திறந்து பாருங்கள். கைக்குழந்தைக்கான வட்ட மாஸ்க் இருக்கிறதா? ஆம்பு பேக்கை உள்ளங்கையால் அடைத்து அமுக்கினால் காற்று கசிகிறதா? 50 மில்லி சிரிஞ்சும் த்ரீ-வேயும் இருக்கின்றனவா? அட்ரினலினின் காலாவதி மாதம் என்ன? குளுக்கோமீட்டருக்குப் பட்டை இருக்கிறதா? இல்லாததைப் பொருள் கேட்கும் சீட்டான இண்டென்ட்டில் எழுதி, அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.